சலிலோ டீச்சரும் வகுப்புக்கு வந்த பெட்டியும்

சலிலோ யாரையும் ஒரே தடவை கேட்டு நம்பியதில்லை. சமோவாத் தீவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பாங்கோ பாங்கோ நகரத்துக்குப் போக ஒரே ஒரு பஸ்தான் உண்டு. ஆனாலும் ஏறும்போது ஓட்டுநரிடம், "சந்தைக்குத்தானே போறே?" என்று கேட்பாள்.

"இல்ல, அமெரிக்காவுக்கு" என்பான் அவன்.

"அதான் பாத்தேன், உன் மூஞ்சியே சரியில்ல" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், பிடித்து வந்தவன் கூடப் பிறந்த அண்ணனாக இருந்தாலும். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை சொன்ன வசனத்தைத் திங்கட்கிழமை வேதப்புத்தகத்தைத் திறந்து சரிபார்ப்பாள். கல்யாணமான புதிதில் இப்படி இல்லை என்று அவள் அம்மா சொல்வார். கணவன் கடற்படையில் சேர்ந்து கலிபோர்னியாவுக்குப் போனான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், ஒரு கட்டத்தில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் சலிலோவுக்கு எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்ததாம்.

பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்புக்கு அடுத்த வகுப்பு என்னுடையது. சின்னப் பிள்ளைகளுக்கு எதெனா டீச்சராகிய நான், நாலாம் வகுப்புக்கு அவள். பாடம் நடத்தும்போது சலிலோ நாற்காலியில் உட்கார மாட்டாள். பாய்களுக்கு நடுவே நடந்து போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் நேர் எதிரே குந்தி, மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுவாள். புரிந்தது என்று பிள்ளை சொன்னால் அவளுக்குப் போதாது, கண்ணில் தெரிய வேண்டும். பிள்ளைகளுக்கு அவளிடம் பயமும் உண்டு, ஒட்டுதலும் உண்டு.

அறுபத்து நாலாம் வருடம் தீவு முழுவதும் வகுப்புகளுக்குத் தொலைக்காட்சி வந்தது. நல்ல ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் எங்களில் குறைவு. நகரத்தில் ஒரு நிலையம் வைத்து, அங்கிருந்து நாலைந்து பேர் பாடம் நடத்தினால் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கேட்கலாம் என்று மேலே இருப்பவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். மலை உச்சியில் கோபுரம் எழுந்தது. எங்களுக்குப் புதிய பள்ளிக்கட்டடமும், அதற்கு முன்னால் இல்லாத மின்சாரமும் வந்தன. ஒருநாள் லாரியில் பெட்டிகளும் வந்தன.

பொருத்த வந்தவன் நகரத்து வாலிபன். அவன் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கையில் சலிலோ பின்னால் போய் நின்றாள்.

"இது நம்மளப் பாக்குமா?"

"நாமதான் டீச்சர் இதப் பாக்கணும்."

"அது தெரியுது. இது நம்மளப் பாக்குமான்னு கேட்டேன்."

"பாக்காது."

"நாம பேசறது கேக்குமா?"

"கேக்காது டீச்சர்."

"பாக்கவும் பாக்காது, கேக்கவும் கேக்காது. அப்புறம் எப்படிப்பா பாடம் சொல்லிக் குடுக்கும்?"

அவன் சிரித்தான். சலிலோ சிரிக்கவில்லை. அவள் உண்மையாகவே பதில் எதிர்பார்த்தாள்.

பாடம் ஓடும்போது ஆசிரியர் வகுப்பின் பின்பக்கம் நிற்க வேண்டும், பிள்ளைகளின் கவனம் சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெட்டி பேசி முடித்த பிறகு பயிற்சி கொடுக்க வேண்டும். இதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முறை. "நம்மள மேய்ப்பனாக்கிட்டாங்கடி எதெனா" என்றாள் என்னிடம். "ஆடு ஓடாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்."

ஒருநாள் கணக்குப் பாடம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் பெட்டியை அணைத்துவிட்டாள். அடுத்த வாரமே தலைமை ஆசிரியர் ஃபோனோதி அவளைக் கூப்பிட்டு, "நகரத்துல கேக்குறாங்க, ஏன் அணைச்சே?" என்றார். அவ்வளவுதான். பெட்டி பார்க்கிறது என்பது சலிலோவுக்கு உறுதியாகிவிட்டது. பாடம் இல்லாத நேரங்களில் இடுப்பில் சுற்றிக் கட்டும் பழைய லாவாலாவா துணி ஒன்றை அதன் முகத்தில் போட்டு மூடினாள். நகரத்துக்குச் சொன்னது பெட்டியல்ல, ஃபோனோதிதான். பக்கத்து அறையிலிருந்த எனக்கு அது தெரியும். சொன்னேன். "அவரு சொன்னாரு சரி, அவருக்கு யாரு சொன்னது?" என்றாள். நான் விட்டுவிட்டேன்.

பெட்டியால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் பனி பெய்வதைப் பார்த்தார்கள். திமிங்கிலத்தின் வாய்க்குள் பார்த்தார்கள். வெறுங்காலோடு சேற்றில் நடந்தால் வயிற்றில் எப்படிப் புழு சேர்கிறது என்று ஒரு பாடம் வந்தது. அன்று சாயங்காலமே பிள்ளைகள் வீட்டில் போய் அப்பாக்களைக் கழிப்பறை கட்டச் சொல்லி நச்சரித்தார்கள், இரண்டு மூன்று பேர் கட்டியும் விட்டார்கள். ஆங்கிலம் பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று இருந்த பிள்ளைகள், பெட்டியில் ஆங்கிலம் நடத்தும் நிலையத்து அம்மாவின் குரலிலேயே "குட் மார்னிங், பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்" என்று கோழிகளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். சலிலோவும் பின்பக்கம் நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு, பற்களுக்கு நடுவே நாக்கை வைக்கும் அந்த ஆங்கில ஒலியைப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும், "பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சு" என்றாள்.

தீமையும் இருந்தது. பின்னம் சொல்லிக்கொடுக்க ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட வட்டப் பணியாரம் ஒன்றை வெட்டிக் காட்டினார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது தின்பண்டம் என்றே தெரியவில்லை. அடுத்த நாள் அரையும் காலும் வரையச் சொன்னால் பாதி வகுப்பு தொப்பி வரைந்திருந்தது. மழை கூரையில் இறங்கினால் பெட்டியின் குரல் ஒன்றும் காதில் விழாது, ஆனால் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் கேள்வி கேட்கிற பிள்ளைகள் கேட்பதை நிறுத்தினார்கள். யாரிடம் கேட்பது? அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களுக்காகக் குதிரை வீரர்களும் மல்யுத்தமும் வர ஆரம்பித்தன. ஊர்த் தலைவர்கள் லாவாலாவாவை மடித்துக் கட்டிக்கொண்டு வகுப்பறைப் பாய்களில் முன்வரிசை பிடித்தார்கள். பிள்ளைகள் மறுநாள் காலையில் தூங்கி வழிந்தார்கள்.

வயோலாவின் சரிவு அந்தச் சமயத்தில்தான் தொடங்கியது.

வயோலாவுக்கு ஒன்பது வயது. அம்மா செங்கா, நகரத்துச் சூரைமீன் ஆலையில் வேலை பார்த்தாள்; வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமை வருவாள். பிள்ளை சித்தி வீட்டில் வளர்ந்தது. பேச்சு கொஞ்சம் தடித்திருக்கும், வாயில் சேப்பங்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. மற்றபடி சலிலோவின் வகுப்பில் முதல் நாலைந்து பேரில் ஒருத்தி. எப்போதும் முன்பாயில் உட்காருவாள். சலிலோ வாயைத் திறந்தால் கண் கொட்டாமல் பார்ப்பாள். "என்னைத் தின்னுடுற மாதிரி பாக்குறாடி" என்று சலிலோ பெருமையாகச் சொல்வாள்.

பெட்டி வந்த பிறகு வயோலா ஒவ்வொரு சோதனையிலும் கீழே போனாள். கேட்ட கேள்விக்கு வேறு எதையோ எழுதினாள். பிறகு எழுதுவதையே விட்டாள். பாடம் ஓடும்போது பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பாள்.

சலிலோ முதலில் மல்யுத்தத்தைச் சந்தேகித்தாள். சித்தியிடம் போய் விசாரித்தாள். "சாப்பிட்டதும் தூங்கிடுவா டீச்சர்" என்றாள் சித்தி. அவள் பொய் சொல்கிறாளா என்று பார்க்க, ஒரு சாயங்காலம் வீட்டுப் பக்கமாகவே நடந்துவிட்டு வந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அடுத்து, காப்பியடிக்கிறாள் என்று சந்தேகம். பக்கத்துப் பெண்ணின் வாயையே பார்க்கிறாள் என்றால் வேறென்ன? வயோலாவைத் தனியாகக் கடைசிப் பாயில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அங்கே போனதும் பிள்ளை இன்னும் மோசமானாள்.

"ஏன்டி இப்படி ஆயிட்டே? பெட்டி என்ன சொல்லுதுன்னு கவனிக்கிறியா இல்லியா?"

வயோலா சொன்னாள்: "பெட்டி எங்கூட பேச மாட்டேங்குது டீச்சர்."

சலிலோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஓகோ, உனக்குன்னு தனியா வந்து பேசணுமோ?" என்று கையில் ஒரு தட்டு தட்டினாள். வகுப்பு சிரித்தது. வயோலாவும் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது திமிர் என்று இன்னொரு தட்டு விழுந்தது.

அன்று மத்தியானம் சுட்ட ஈரப்பலாக்காயைப் பிய்த்துக்கொண்டே சலிலோ சொன்னாள்: "நல்லா இருந்த பொண்ணை அந்தப் பெட்டி மழுக்கிடுச்சு எதெனா. அதுல இருந்து என்னமோ வருது. வெளிச்சமோ காத்தோ, என்ன எழவோ. மூளைக்குள்ள போகுது."

"அப்படின்னா மத்த பிள்ளைங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"ஆகலன்னு உனக்கு யாரு சொன்னது?"

ஃபோனோதியிடம் போய்ப் பெட்டியை எடுத்துவிடச் சொன்னாள். அவர் பெரிய மனிதர், ஊர்த் தலைவர் பட்டம் உள்ளவர், குரலை உயர்த்த மாட்டார். "ஒரு பிள்ளை மந்தமாப் போனா அதுக்குப் பெட்டி என்னம்மா பண்ணும்?" என்றார். "திங்கக்கிழமையிலேர்ந்து அவள எதெனா வகுப்புல போடு. சின்னப் பிள்ளைங்களோட முதல்லேர்ந்து படிக்கட்டும்."

அந்த வெள்ளிக்கிழமை எல்லா வகுப்பிலும் பாடம் ஓடிக்கொண்டிருக்கையில் சட்டென்று சத்தம் நின்றது. படம் இருந்தது, குரல் இல்லை. மலை உச்சியில் ஏதோ கோளாறு. என் பிள்ளைகள் ஓவென்று கூச்சலிட்டார்கள். சலிலோவின் பெட்டியாவது பேசுகிறதா என்று பார்க்க ஓடினேன். அங்கேயும் அதே கூத்து. பிள்ளைகள் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, நிலையத்து அம்மா வாயசைப்பதைப் போல வாயசைத்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சலிலோ தூணோடு ஒட்டி அசையாமல் நின்றாள். நான் பேச வாயெடுத்ததும் என் முழங்கையைப் பிடித்தாள்.

"பேசாத. அவளப் பாரு."

கடைசிப் பாயில் வயோலா உட்கார்ந்திருந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் ஏன் எழுந்து ஆடுகிறார்கள் என்று புரியாமல் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். சத்தம் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. அவளுக்கு எதுவும் மாறவில்லை.

சலிலோ மெதுவாக அவள் முதுகுக்குப் பின்னால் போனாள். "வயோலா" என்றாள். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். அவர்கள் திரும்புவதைக் கண்ட பிறகுதான் வயோலாவும் திரும்பினாள்.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே முடிவுக்கு வந்திருப்பாள். சலிலோ அதையும் நம்பவில்லை. வீம்புக்குத் திரும்பாமல் இருந்திருக்கலாம் அல்லவா? திங்கட்கிழமை பிள்ளையை என் வகுப்புக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு வேறு வேறு விதமாகச் சோதித்தாள். முதுகுக்குப் பின்னால் நின்று, "யாருக்கு வாழைப்பழம் வேணும்?" என்று கேட்டாள். வயோலா தவிர எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வாழைப்பழத்துக்கு வீம்பு பிடிக்கிற பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. பெரிய மரக்கட்டையைத் தரையில் போட்டால் மட்டும் தோள் லேசாக அசைந்தது.

பிறகு ஃபோனோதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அது சமோவன் மொழிப் பாட நேரம். அந்தப் பாடத்தை நடத்துகிறவர் பௌலி என்பவர். கதை சொல்லிப் பாடம் நடத்துவார், அவர் முகம் திரை முழுக்க இருக்கும். சலிலோ பெட்டியின் குமிழைத் திருகிச் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு வயோலாவை முன்பாயில் உட்காரவைத்தாள்.

"அவரு என்ன சொல்றாருன்னு ஐயாவுக்குச் சொல்லு."

வயோலா திரையைப் பார்த்துக்கொண்டே தடித்த நாக்கால் சொன்னாள்: "ஆமை... கரைக்கு வந்துச்சு. பொம்பளை கேட்டா... என் கூடை எங்க?" நிறுத்தினாள். பௌலி பக்கவாட்டில் திரும்பியிருந்தார். அவர் மறுபடி நேராகப் பார்த்ததும் தொடர்ந்தாள்.

ஃபோனோதி அங்கேயே பாயில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளா உன் வகுப்புல இருக்காளேம்மா. உனக்கே தெரியலையா?" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அதனால்தான் சலிலோவால் தாங்க முடியவில்லை.

அன்று அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. "நான் நேருக்கு நேரா குந்தித்தான் பேசுவேன், உனக்குத் தெரியும். அது என்னோட நல்ல பழக்கம்னு இருந்தேன். அந்தப் பழக்கத்துலதான் அவ ஒளிஞ்சிருந்திருக்கா. எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாப்பேன், இதப் பாக்கல" என்றாள். பிறகு, விருப்பமே இல்லாமல்: "அந்தப் பெட்டி வராம இருந்தா இன்னும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப பெட்டி நல்லதுதான்?"

"வாய மூடு. அது பேசறத நிறுத்துனப்பதான் பிரயோஜனமாச்சு."

சனிக்கிழமை செங்கா ஆலையிலிருந்து வந்ததும் சலிலோவும் நானும் போனோம். செங்கா குளித்துவிட்டுத் தலையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எத்தனை தேய்த்தாலும் மீன் வாடை போகாது என்று சிரித்துக்கொண்டே பாய் விரித்தாள். சலிலோ விஷயத்தைச் சொன்னாள். செங்காவின் கை எண்ணெய்க் கிண்ணத்திலேயே நின்றது.

"யாருக்கெல்லாம் சொன்னீங்க டீச்சர்?"

"உனக்குத் தெரியுமா செங்கா?"

"யாருக்கெல்லாம் சொன்னீங்கன்னு கேக்கறேன்."

"ஃபோனோதிக்கு. இவளுக்கு."

"அப்ப ஊருக்கே தெரிஞ்சாச்சு." செங்கா எழுந்து ஓலைத் தட்டியை இறக்கினாள். "தட்டம்மை வந்தப்போ காதுல சீழ் வடிஞ்சுது. நின்னுடுச்சு. அப்புறம் கூப்பிட்டா வர மாட்டா. எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். மூஞ்சியப் பாத்துப் பேசினா புரிஞ்சுக்கறா, பள்ளிக்கூடத்துல நல்லா படிக்கறா, எவனுக்கும் தெரியல. நிம்மதியா இருந்தேன். நீ எதுக்குப் போய் நோண்டுனே?"

"நோண்டலன்னா அவள மந்தம்னு சொல்லிச் சின்ன வகுப்புல போட்டிருப்பாங்க."

"மந்தம்னு சொன்னா சொல்லட்டும்! மந்தமான பொண்ணுங்க ஊர்ல எத்தனை பேரு கல்யாணம் கட்டி இருக்காங்க. செவிடுன்னு பேரு வந்தா? டாக்டரு வருவான், கப்பல்ல ஏத்தி எங்கயோ அனுப்புவான். உன் புருஷனை ஏத்திட்டுப் போச்சே, திரும்பி வந்தானா?"

சலிலோவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன். அவள் எழவில்லை. "வரல" என்றாள். "அதனாலதான் சொல்றேன், அவள நான் எங்கயும் அனுப்ப மாட்டேன். நகரத்து ஆஸ்பத்திரியில காட்டணும். அந்த டாக்டரு சொல்றதையும் நம்ப மாட்டேன். ரெண்டு பேரையா கேப்பேன்."

செங்கா ஓலைத் தட்டியைத் தூக்கி எங்களுக்கு வழிவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் வயோலா புது உடை உடுத்தி, தலைவாரி, பஸ் நிற்கும் இடத்தில் சித்தியோடு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு காது முற்றிலும் போய்விட்டது, மற்றதில் கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். சலிலோ சொன்னபடியே இன்னொரு டாக்டரைக் கேட்டாள். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்களோ என்று என்னிடம் கேட்டாள். அங்கிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராகத் தொலைக்காட்சி நிலையத்துக்கே போய்விட்டாள். நானும் கூடப் போனேன்.

உள்ளே குளிர்சாதனத்தால் பல் கிட்டும் குளிர். திரை முழுக்க மலை மாதிரி தெரிகிற பௌலி, நேரில் சலிலோவின் தோள் உயரம்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்.

"நீங்க வகுப்புலேர்ந்தா வர்றீங்க? நிசமான வகுப்பா?" என்றார். "ஒண்ணு சொல்லுங்க டீச்சர். நான் நடுவுல வேடிக்கையா ஏதாச்சும் சொல்லுவேன். புள்ளைங்க சிரிக்குமா? இங்க கேமராவைப் பாத்துச் சொல்றேன். அது சிரிக்க மாட்டேங்குது."

"சில நேரம் சிரிக்கும்" என்றாள் சலிலோ. "அந்தப் பன்னிக் கதைக்குச் சிரிக்கல."

"நெனச்சேன்" என்றார் அவர், வருத்தமாக.

சலிலோ வயோலாவை முன்னால் தள்ளினாள். வயோலா அவருடைய ஆமைக் கதையை அவர் செய்கிற கையசைவோடு, அவர் தலையைச் சாய்க்கிற இடத்தில் தலையைச் சாய்த்து, சொல்லிக் காட்டினாள். காது கேட்காது, வாயைப் பார்த்தே புரிந்துகொண்டாள் என்று சலிலோ சொன்னதும் பௌலி அந்தப் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தன் பாடத்தைக் கேட்கும் ஒரு பிள்ளையை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. இனிமேல் பேசும்போது முகத்தைத் திருப்ப மாட்டேன் என்று அவளிடமே சொன்னார். அவளுக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, இரண்டு தடவை சொன்னார்.

ஆங்கிலப் பாடங்களைப் பார்த்துக்கொள்கிற அமெரிக்க அதிகாரியும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். வாய் தெரியும்படி காட்டச் சொல்லி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது சலிலோ, "அந்த ஆளு தலையாட்டிக்கிட்டே இருந்தான். தலையாட்டுறவன் செய்ய மாட்டான்" என்றாள். அவள் சொன்னதில் பாதி பலித்தது. கொஞ்ச நாள் நிலையத்து அம்மாவின் முகம் பெரிதாக வந்தது. பிறகு மறுபடி அட்டைகளும் சுட்டிக்காட்டும் கையுமாக மாறிவிட்டது. பௌலி மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு பக்கம் திரும்பாமல் விறைப்பாக அவர் நிற்பதைப் பார்த்து, கழுத்தில் சுளுக்கு போலிருக்கிறது என்று மற்ற ஊர்களில் பேசிக்கொண்டார்களாம்.

அதற்குப் பிறகு சலிலோ எங்களுக்குச் சொல்லப்பட்ட முறையைக் கைவிட்டாள். பின்பக்கம் நிற்பதை நிறுத்தினாள். பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகளைப் பார்த்தபடி குந்திக்கொண்டு, பெட்டி சொல்வதைக் கேட்டுக் கேட்டு, சமோவனில் தன் வாயால் வயோலாவுக்குத் திருப்பிச் சொன்னாள். பெட்டி வேகமாகப் போனால் அணைத்துவிடுவாள். மற்ற பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள். மறுபடி கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். நகரத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஃபோனோதி அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை அவர் எதையும் போய்ச் சொல்லவில்லை.

அவர் இன்னொன்றும் செய்தார். எல்லா வகுப்பிலும் பாடத்தின் நடுவே சத்தத்தைக் குறைத்து, அது குறைந்ததை எந்தப் பிள்ளை கவனிக்கவில்லை என்று பார்க்கச் சொன்னார். என் வகுப்பில் ஒருவன் அகப்பட்டான், ஊர்ப் பெரிய தலைவரின் பேரன். தலைவர் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "என் வம்சத்துல செவிடே கிடையாது" என்று சத்தம் போட்டார். போகும்போது, "சரி, என்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறீங்க?" என்றார். அந்தப் பையனுக்குக் காதில் அடைப்புதான், எடுத்ததும் சரியாயிற்று. தலைவர் அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பன்றிக்குட்டி அனுப்பும்போதெல்லாம் சலிலோ பெயரைச் சொல்லித்தான் அனுப்புவார். அவள் அதையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

செங்கா மட்டும் சலிலோவோடு பேசவில்லை. மாதா கோயிலில் எதிர்ப்பட்டால் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். பிள்ளை மேலே மேலே படித்துப் போனாள், ஆங்கிலத்தில் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஹொனலுலுவில் இருக்கிற செங்காவின் இன்னொரு தங்கை, அங்கே காது கேளாதவர்களுக்குப் பள்ளி இருக்கிறது, அனுப்பு என்று ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். எல்லோரும் செங்கா மறுப்பாள் என்றுதான் நினைத்தோம். செங்கா அனுப்பினாள். எதிர்த்தது சலிலோ. "அங்க கையாலதான் பேசணுமாம். நாக்கு துருப்பிடிச்சுடாதா? யாரு அவங்கல்லாம்? நாம பாத்திருக்கோமா?" என்று பாதிரியார் வரைக்கும் போய்ப் புலம்பினாள். விமானம் புறப்பட்ட அன்று அவள் வழியனுப்ப வரவில்லை. வகுப்பில் பெட்டியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாடச் சொன்னாள். அவ்வளவு உரக்க அவர்கள் பாடி நான் கேட்டதில்லை.

அந்த வருடக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, நானும் சலிலோவும் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோக்கோ குடித்துக்கொண்டிருந்தோம். செங்கா நேராக வந்தாள். ஒன்றும் சொல்லாமல் சலிலோவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, மார்புத் துணிக்குள்ளிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். வயோலா, நாலைந்து பிள்ளைகளோடு, ஒரு படிக்கட்டில்.

"சிரிக்கறா" என்றாள் செங்கா. "நிசச் சிரிப்பா பாத்துச் சொல்லுங்க டீச்சர். படம் புடிக்கறவன் சொன்னா எல்லாரும்தான் சிரிப்பாங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

சலிலோ படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கிட்டக் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். செங்காவும் முழங்கால்போட்டு நகர்ந்து வந்து அவள் தோள் மேலாக எட்டிப் பார்த்தாள்.

"கை ஏன் இப்படிக் கலங்கியிருக்கு?" என்றாள் சலிலோ. "மூஞ்சி தெளிவா இருக்கு, கை மட்டும் புகை மாதிரி இருக்கே?"

"அசைச்சிருப்பா. பேசிக்கிட்டிருந்திருப்பா."

"யாருகிட்ட?"

"இந்தா, இந்தப் பொண்ணுகிட்ட. இவளும் கையத் தூக்கியிருக்கா பாருங்க."

சலிலோ அந்த இன்னொரு பெண்ணின் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"படம் புடிக்கும்போதுகூட நிறுத்தாம அப்படி என்னத்தப் பேசறாங்க ரெண்டு பேரும்?" என்றாள் கடைசியில், படத்தைத் திருப்பிக் கொடுக்காமல். "எதெனா, செங்காவுக்குக் கோக்கோ ஊத்து."